தலைப்புக்குப் பின்னால் நின்றவர்

வெள்ளிக்கிழமை காலையில் செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்று எங்கள் வாரப் பத்திரிகையின் போஸ்டரைப் படித்தவர்கள் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், முதுகுக்கு ஒரு முழம் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரிந்திருக்கும். செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்திருப்பார். சத்தம் கேட்டால் படிக்கிறவர் பாதியில் நகர்ந்துவிடுவாராம். பின்னால் நின்றால் முகம் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். போஸ்டர் மாட்டுகிற கடையில் முறுக்கு வைக்கிற கண்ணாடி அலமாரி இருக்கிறது, அதில் முகம் தெரியும் என்றார். உதடு அசைவது தெரியும், எந்தச் சொல்லில் நிற்கிறது என்பதும் தெரியும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பிடரி கூசியது.

அந்த மனிதரோடு மூன்று வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தேன். கணினியில் பக்கம் போடுவது என் வேலை. செய்திகளுக்குத் தலைப்பு வைப்பது அவர் வேலை. இடையில் ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கம்தான் திரும்பும். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருப்பார். டீ வாங்கி வைத்தால் ஆடை படியும் வரை தொடமாட்டார், பிறகு ஒரே மூச்சில் குடித்துவிடுவார்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. வியாதி என்றுதான் சொல்வேன், மரியாதையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எந்தச் செய்தியாக இருந்தாலும் தலைப்பில் கோட்டையின் சரித்திரத்திலிருந்து ஒரு துணுக்கை ஒளித்து வைப்பார். வைத்துவிட்டு யாராவது கண்டுபிடிப்பார்களா என்று காத்திருப்பார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றது அதற்காகத்தான்.

ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் நடுச்சுவருக்காக எட்டு வருடமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திக்கு அவர் வைத்த தலைப்பு, 'எட்டாம் ஆண்டில் முற்றுகை'. டெல்லிப் படை நம் கோட்டையைச் சுற்றி எட்டு வருடம் உட்கார்ந்திருந்ததை நினைத்து வைத்தது. அன்று மத்தியானமே காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. போனின் ஒலிபெருக்கி எப்போதும் போட்டேதான் இருக்கும்.

"யாரு சார் முற்றுகை போடறாங்க? பர்மிஷன் வாங்கிட்டாங்களா?"

"எட்டு வருஷம்னு போட்டிருக்கேனே சார். ஒண்ணும் தோணலியா?"

"இன்னா தோணணும்?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "படிச்சாங்க, கண்டுக்கல" என்றார். வாரத்துக்கு நான்கு தடவையாவது இதைச் சொல்லுவார்.

எங்கள் ஊரில் ராஜா என்றால் ஒருவர்தான், பெயர் சொல்ல வேண்டியதில்லை. போருக்குப் போகுமுன் அவர் சிங்கவரத்துப் பெருமாளிடம் உத்தரவு கேட்டதாகவும், போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொல்வார்கள். படப்பிடிப்புக்காரர்கள் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் கேமரா வைக்க இடம் கேட்டு, கொல்லைக்காரர் மறுத்த செய்திக்கு 'உத்தரவு கேட்டனர். முகம் திரும்பியது' என்று வைத்தார். சிங்கவரத்திலிருந்து சந்தா கட்ட வந்த ஒருவரிடம் அந்தப் பக்கத்தை நீட்டி, உங்கள் ஊர்ப் பெருமாளே இதில் இருக்கிறார் என்றார். வந்தவர் வெளியே போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தை இரண்டு கையால் வாங்கினார். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "படம் போடலியே சார்" என்றார். நான் சிரிப்பை அடக்கக் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

சிரிப்பெல்லாம் முதல் வருடம்தான். போகப் போக அவரோடு தனியாக உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நிருபர்கள் போனில் செய்தி சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். சொல்பவர் பாதிக்கு வருமுன் தாளில் தலைப்பு எழுதி முடித்திருப்பார். "மிச்சம் எனக்குத் தெரியும், ஆள் பேரு மட்டும் சொல்லு" என்பார். மிச்சமும் அவர் நினைத்தபடியேதான் இருக்கும். ஒருமுறை, எப்படி சார் என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல புதுசா ஒண்ணும் நடக்கறதில்லம்மா. எல்லாம் ஒருதடவ நடந்தது. ஆளு மட்டும் மாறி மாறி வராங்க."

இவ்வளவு பேசுகிறவர் கோட்டை மேல் ஏறியதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. கேட்டால், "அங்க இன்னா இருக்குது, கல்லு. அங்க இருந்தவங்கள்லாம் எப்பவோ கீழ எறங்கி வந்துட்டாங்க" என்று தெருவைக் காட்டுவார். அன்று வீட்டுக்குப் போகப் பேருந்துக்கு நின்றபோது, பக்கத்தில் நின்றவர்களை நான் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பேருந்து நிலையத்திலிருந்து வந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "ஒருத்தர் போதும். ஊருக்கே வேணாம், ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் குறும்பும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. வல்லத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் ஒரு கார்டு வாங்கி, இடது கையால் எழுதினேன். 'எட்டாம் ஆண்டில் முற்றுகை என்றால் நம் கோட்டையின் முற்றுகைதானே? இப்படிக்கு, ஒரு வாசகர்.' அவ்வளவுதான்.

கார்டு வந்த அன்று அவர் டீயைச் சூடாகக் குடித்தார். அதை நாலு தடவை படித்துக் காட்டினார். நான் நன்றாக நடித்தேன். அந்த வாரமே வாசகர் கடிதம் என்ற பெட்டிச் செய்தியில் அந்தக் கார்டை அச்சிட்டு, 'நம் தலைப்புகளுக்குள் தேடுங்கள், கிடைக்கும்' என்று கீழே ஒரு வரி சேர்த்தார். பெட்டியைச் சுற்றிக் கட்டம் கட்டியது நான்.

அடுத்த திங்கட்கிழமை இன்னொரு கார்டு வந்தது. அது நான் எழுதியதில்லை.

உருண்டையான கையெழுத்து. பெயர் இல்லை, ஊர் இல்லை, தபால் முத்திரை அழிந்திருந்தது. 'பெட்டியில் வந்த கார்டைப் பார்த்தேன். இத்தனை நாள் சும்மா படித்துவிட்டேன். இனி நானும் தேடுவேன். இந்த வாரம் எட்டாம் பக்கத்தில் இருப்பவர் முற்றுகையிலிருந்து தப்பிப் போன மராட்டிய ராஜா.' எட்டாம் பக்கத்தில் கல்யாண மண்டபத்திலிருந்து ஓடிப்போன மாப்பிள்ளையின் செய்தி இருந்தது. தலைப்பு, 'காவலுக்கு நடுவே காணாமல் போனார்'. எனக்கே அது தெரியாது. ஆசாமி தனக்குத் தானே எழுதிக்கொள்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் கார்டோடு வாசலுக்கு ஓடி, தபால்காரரை நிறுத்தி யார் போட்டது என்று கேட்டதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அதிலிருந்து வாரம் தவறாமல் ஒரு கார்டு. ஒன்றைக்கூட அந்த வாசகர் விடவில்லை. ஐந்தாம் பக்கத்தின் மூலையில் கிடந்த மூன்று வரிச் செய்தியைக்கூட விடவில்லை.

நடுவில் ஒரு வாரம் இவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தலைப்புகளை நான்தான் வைத்தேன். வெள்ளம் என்றால் வெள்ளம், திருட்டு என்றால் திருட்டு, அதுதான் என் வழி. வைக்கோல் போர் எரிந்து, அதன் ஓரத்தில் படுத்திருந்த பெண் பிழைத்துக்கொண்ட செய்திக்கு 'வைக்கோல் போரில் தீ: பெண் தப்பினார்' என்று போட்டேன். திங்கட்கிழமை கார்டு வந்தது. 'ராஜா இறந்தபின் ராணி இறங்கிய தீ. இந்த முறை அவளைத் தப்பவிட்டதற்கு நன்றி.'

அவர் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ வச்சியாம்மா?"

"இல்ல சார். எனக்கு அந்த நெனப்பே இல்ல."

"அப்ப யாரு வச்சாங்க?"

இருட்டுக் குகையிலோ சுடுகாட்டிலோ வரவேண்டிய பயம், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மின்விசிறிக்கு அடியில் வந்தது. முதல் கார்டு என்னுடையது என்று சொல்லிவிட அன்று வாய் வரை வந்தது. சொல்லியிருக்கலாம். விளையாட்டு அப்போதே கலைந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அதன் பிறகு அவர் பேருந்து நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். யார் முதுகுக்குப் பின்னாலும் நிற்க வேண்டிய தேவை இல்லை. எங்கோ ஒருவர் காத்திருக்கிறார், அவருக்காக எழுதினால் போதும். தலைப்புகள் வரவர மற்றவர்களுக்கு விளங்காமல் போயின. மருத்துவ முகாம் எங்கே என்று தலைப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. முதலாளி வந்து மேசையைத் தட்டினார். "சார், கடைக்காரன்லாம் கேக்கறான், இது பேப்பரா விடுகதையான்னு. ஒழுங்கா வைங்க." இவர் தலையை ஆட்டினார். முதலாளி போனதும் எழுதிய தலைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. சங்கராபரணியில் வெள்ளம் வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிற தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. இரண்டு முனையிலும் முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். அதுதான் அந்த வார முதல் செய்தி, போஸ்டரிலும் அதுவே. அவர் எழுதிக் கொடுத்த தலைப்பு, 'வெள்ளம் வடியக் காத்திராத குதிரை'.

இந்தத் தடவை எனக்கே தெரிந்தது. ராஜா கடைசிப் போருக்குப் போன அன்று ஆற்றில் வெள்ளம். படை கரையிலேயே நின்றுவிட்டது. அவர் மட்டும் குதிரையைத் தட்டி இறக்கினார், பின்னால் நாலைந்து பேர் இறங்கினார்கள். தாண்டியவர் திரும்பவில்லை.

"சார், இது வேணாம். தண்ணி போவுது, பாலத்துல யாரும் எறங்காதீங்கன்னு போட்டுடலாம்" என்றேன்.

"அதத்தான் சொல்லியிருக்கேன். காத்திருக்காததாலதான் செத்தாரு. நில்லுன்னு அர்த்தம்."

"யாருக்கு சார் புரியும்?"

"புரியாதவங்களுக்குத் தண்ணி கண்ணுக்குத் தெரியும். உள்ள செய்தியில எல்லாம் இருக்குது. நீ போடும்மா."

போட்டேன். நூற்றிருபது பாயிண்ட் அளவில், தடித்த கறுப்பில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கக் குதிரைப் பேச்சு. வல்லத்தில் என் நைனா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, யாரு குதிர அது? இங்க குதிர வண்டி வச்சிக்கினு எவன் இருக்கறான்?" ஆற்றோரத்தில் செத்த குதிரையைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டமே போனதாம். போனவர்கள் வெள்ளத்தைப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், வந்த வழியே திரும்பினார்கள். ஒருவருக்கும் ராஜா நினைவுக்கு வரவில்லை. வராததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை காலையில், அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மொபெட்டில் வந்த ஒருவரைப் பாலத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இந்தப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் எடை போடுகிறவர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் அவருக்கு. சாயங்காலம் உடல் கிடைத்தது. அந்தச் செய்திக்கு அடுத்த வாரம் என்ன தலைப்பு என்று இவர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

திங்கட்கிழமை கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை போட்டது. 'முதல் பக்கம் கிடைத்துவிட்டது. ராஜா தாண்டிய ஆறு. என் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஓடுகிற ஆறுதான். நாளைக் காலையில் நானும் கரைக்கு வருவேன். கரையில் நின்றுவிட்டவர்களில் ஒருவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது, பார்த்தீர்களா?'

அதைப் படித்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார் என்ற அதே பழைய சந்தோஷம். அது போக அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தை நான் அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு மேசை மேல் கிடந்த நாளிதழை இழுத்து, இறந்தவர் எந்தக் கிராமம் என்று பார்த்தார். சட்டைப் பொத்தான் மேல் கை போனது, அவிழ்க்கவில்லை.

"வாம்மா" என்றார்.

அவரைக் கடைசியாக நான் பார்த்தது அன்றுதான். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை, ஊரிலும் இல்லை. ஓய்வு பெற்று எங்கோ மகள் வீட்டில் இருப்பதாக ஒருவர் சொன்னார், வேறொருவர் வேறு சொன்னார். நானும் தேடவில்லை. என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும். அந்த இடது கைக் கார்டு இல்லாவிட்டால் அந்த வாசகர் ரேஷன் கடையில் பொட்டலம் கட்டுகிற பேப்பரைப் போல இதையும் சும்மா படித்துவிட்டுப் போயிருப்பார். இதை எழுதுவதற்கு எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

அன்று சுற்று வழியில் பேருந்து பிடித்து இறந்தவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் பந்தல் பிரிக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகையிலிருந்து வருகிறோம் என்றதும் உள்ளே அனுப்பினார்கள். இறந்தவரின் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அலமாரியிலிருந்து ஒரு பெரிய நோட்டை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே எங்கள் தலைப்புகள். ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டி, பக்கத்தில் அதே உருண்டைக் கையெழுத்தில் குறிப்பு. மேசைக்கு எதிரில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாததெல்லாம் அதில் இருந்தது.

"கடைய விட்டு வந்தா இதான் சார் அவருக்கு வேல" என்றார் அந்த அம்மா. "பசங்களுக்குக்கூட இதத்தான் காட்டுவாரு. அன்னிக்கி எவ்ளோ சொன்னேன், சுத்து வழியா பஸ்ஸுல போங்கன்னு. சிரிக்கிறாரு. ஒருத்தரு எனக்குன்னே எழுதியிருக்காரு, நான் நின்னா அசிங்கம்ன்னாரு. மாட்டத் தட்டற மாதிரி வண்டியத் தட்டிக் குடுத்தாரு. ஏறினாரு, போயிட்டாரு."

என் பக்கத்தில் இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. முதல் கார்டைப் பற்றி நானும் சொல்லவில்லை.

அந்த அம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'வெள்ளம் வடியக் காத்திராத குதிரை' என்பது மட்டும் ஒட்டியிருந்தது, பக்கத்தில் குறிப்பு எழுதவில்லை. மழை ஈரத்தில் பசை விட்டு, தாளின் ஓரம் சுருண்டிருந்தது.

"நீங்க படிச்சவங்க. இதுல அப்படி இன்னா சார் எழுதியிருக்குது? எதுக்குப் போனாரு?"

ஆயுசு முழுக்க இவர் எதிர்பார்த்த கேள்வி. என்ன எழுதியிருக்கிறது என்று நேருக்கு நேர் ஒருவர் கேட்கிறார். இவர் நோட்டின் மேல் குனிந்தார்.

"தண்ணி வடியற வரைக்கும் நில்லுன்னு எழுதியிருக்குதும்மா."

அந்த அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுருண்ட ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திவிட்டு, ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்தார். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு சொல்லாகக் கடைசி வரை போனார். மறுபடியும் முதலிலிருந்து போனார்.

"எனக்குப் படிக்கத் தெரியும் சார்" என்றார். "இதுல நில்லுன்னு எங்கியும் இல்லியே."